ஐந்தாம் நம்பர் கிரைண்டர்

இல்லீங்க, இது மாவாட்டுற கிரைண்டர் இல்லை. பரவாயில்லை, எல்லாரும் அப்படித்தான் கேட்கிறாங்க. கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் பெட்ஷீட்டில் சுற்றி ஒரு கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு சேலத்தில் பஸ் ஏறினால் வேறு என்ன நினைப்பாங்க? ரெண்டு லிட்டரா மூணு லிட்டரான்னு கண்டக்டரே கேட்டுட்டார். மேலே போடுங்கன்னார். மேலே போட முடியாதுங்க, இது குலுங்கக் கூடாதுன்னு வீறாப்பாச் சொல்லிவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது கிலோ. இப்போது இடது கால் என்னுதுதானான்னு சந்தேகமா இருக்கு.

இது காப்பிக்கொட்டை அரைக்கிறதுங்க. எஸ்பிரஸோன்னு ஒரு காப்பி, வெந்நீரை அழுத்தி விட்டு அரை நிமிஷத்தில் ரெண்டே மடக்கு இறக்குவாங்களே, அதை வீட்டிலேயே போட்டுக் குடிக்கிற ஆளுங்களுக்கு. அப்படியும் ஆளுங்க இருக்காங்களான்னு கேட்காதீங்க. இருக்காங்க. பதினெட்டு கிராம் கொட்டையை நிறுத்துப் போட்டு, பதினெட்டு கிராம் பொடி வெளியே வருதான்னு திரும்பவும் நிறுப்பாங்க. அரை கிராம் குறைந்தால் எனக்கு மெசேஜ் வரும், போட்டோவோட.

உள்ளே பல் வெட்டின ரெண்டு இரும்பு வட்டு எதிரும் புதிருமா இருக்கும். கீழ் வட்டு சுற்றும், மேல் வட்டு நிற்கும். நடுவில் இருக்கிற சந்து சுற்றிலும் ஒரே அளவா இருக்கணும். அதில்தான் எல்லாமே. அதைச் செய்கிறவன் நான். சென்னியப்பன். கணபதியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய லேத்து போட்டு, ஒரு தடவைக்கு எட்டு கிரைண்டர், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் செய்வேன். என்னமோ பெரிய கொள்கை மாதிரி சொல்றேன் பாருங்க. அதுக்கு மேலே செய்ய முடியாது, அதுதான் நிஜம். விலையை மட்டும் கேட்காதீங்க, சொன்னால் நீங்க வேற சீட்டுக்குப் போயிருவீங்க.

என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இந்த பஸ் எஞ்சின் இருக்குதே... ஆமாங்க, பிழைப்பு வேறே. ஃபோர்ஜிங் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். பழுக்கக் காய்ச்சின இரும்பைச் சம்மட்டி மெஷின் அடிக்கும், ஆறின பிறகு நான் அளந்து பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷமா நைட் ஷிஃப்ட். நானே கேட்டு வாங்கினது. படிப்பு பத்தாவதுங்க. மத்ததெல்லாம் பகலில் தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு போனில் பார்த்துப் படித்தது. ஊர் முழிச்சிருக்கும்போது படுக்கிறவனுக்குப் பேச ஆள் கிடையாதுங்க. பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்தால்தான் உண்டு. மாட்டிக்கிட்டீங்க.

இது ஐந்தாம் நம்பர். நான் பேரெல்லாம் வைக்கிறதில்லை, அடியில் நம்பர் மட்டும் வெட்டுவேன். போன வருஷம் முதல் எட்டில் இது ஐந்தாவது. சேலத்தில் மிருதுளான்னு ஒரு பல் டாக்டரம்மா, கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுறவங்க, அவங்க வாங்கினாங்க. வாங்கி ஒரு மாசம் கழித்து இதைப் பற்றி ஒரு வீடியோ போட்டாங்க. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு காப்பி என் வீட்டுல இறங்கினதில்ல. வாய் நிறைய நிக்குது"ன்னு. அவ்வளவுதாங்க, இருபத்திரண்டு பேர் ஆர்டர் கொடுத்துட்டாங்க. நான் மூன்று வருஷம் வரிசையில் நிற்கச் சொன்னேன். நின்னாங்க! என்னை ரேஷன் கடையில் மூன்று நிமிஷம் நிற்கச் சொன்னால் நான் சண்டை போடுவேன்.

அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன்னு பூங்கொடி எண்ணி வைத்திருக்கிறாள். பூங்கொடி என் வீட்டுக்காரி. "மறுபடியும் அந்தப் பல்லு டாக்டரா?"ம்பாள். அவளுக்கு இந்தக் காப்பி பிடிக்காதுங்க. "ரெண்டு மடக்குக் கஷாயத்துக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா"ன்னு கேட்பாள். அதுவும் முணுமுணுன்னு கேட்பாள். கொஞ்ச வருஷமாவே அவளுக்கு முணுமுணுக்கிற பழக்கம் வந்திருந்தது.

சரி. அடுத்த எட்டு செய்தேன். ஒன்பதிலிருந்து பதினாறு வரைக்கும். முதல் எட்டை விடச் சுத்தமாச் செய்தேங்க. அதில் பொய்யே இல்லை. வட்டுக்கு ஓரத்தில் மார்க்கர் மை தடவி, ரெண்டையும் மெல்ல நெருக்கிச் சுற்றினால், எங்கே உரசுதோ அங்கே மை போகும். சுற்றிலும் ஒரே மாதிரி போனால் நேராயிருக்குன்னு அர்த்தம். என்னுது கோவில் பிரகாரம் கூட்டின மாதிரி ஒரே சீராப் போகும். அந்த போட்டோவை எடுத்து வாங்கினவங்களுக்கு அனுப்பி வைப்பேன். ஜாதகம் அனுப்புற மாதிரி.

வாங்கினவங்க எல்லாம் மரியாதை தெரிந்தவங்க. "நல்லா இருக்கு சார்"னாங்க. அடுத்த மெசேஜில், "ஆனா டாக்டர் வீட்டு ஐந்து மாதிரி இல்ல சார்"னாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. வாங்கின அத்தனை பேரும்!

ஐந்தில் என்ன இருக்குன்னு எனக்கே தெரியலைங்க. அதுதான் கேவலம். அதே லேத்து, அதே இரும்பு, அதே கை. என் நோட்டில் ஐந்தாம் நம்பருக்கு எழுதின அளவைப் பார்த்தேன். மத்ததை விட ஒரு இம்மி மோசம்னு போட்டிருந்தது. அன்றைக்கு என்ன வெயில், எத்தனை தடவை கரண்ட் போச்சு, நான் என்ன சட்டை போட்டிருந்தேன் வரைக்கும் யோசித்தேன். அந்தச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு பதினாறாம் நம்பரைக் கடைந்தேன். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க.

இந்த நேரத்தில்தான் குழந்தைவேலு சமாச்சாரம் நடந்தது. பேர்தான் குழந்தை, வயசு நாற்பத்தொன்று. பூங்கொடியோட தம்பி, என் மச்சினன். டூவீலர் மெக்கானிக். ரோடு அகலப்படுத்தினதில் அவன் கடை போயிருச்சு. ரெண்டு மாசம் இருக்கேன் மாமான்னு வந்தவன் ஒரு வருஷம் இருந்தான். நான் ஒண்ணும் சொல்லலை. பேக்கிங் பார்த்துக்கடான்னு விட்டிருந்தேன். அட்டைப்பெட்டியில் வைத்து, தெர்மோகோல் அடைத்து, டேப் ஒட்டுற வேலை. அதைச் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? செய்ய மாட்டான். ஒவ்வொன்றையும் பெட்டியில் வைக்கிறதுக்கு முன்னாடி ஓட விட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். கச்சேரி கேட்கிறவன் மாதிரி.

"மாமா, இது சிணுங்குதுங்க"ன்னான் ஒரு நாள்.

"எது?"

"பதினொண்ணு. மத்ததெல்லாம் ஒரே மூச்சுல பாடுது. இது மட்டும் சிணுங்குது."

"மெஷின் சிணுங்காது மாப்ள. மெஷினுக்கு அளவுதான். டயல் கேஜ் வெச்சுப் பாத்தாச்சு."

"கேஜு, சும்மா நிக்கறப்ப பாக்கறதுங்க மாமா. ஓடறப்ப அது என்ன பண்ணுதுன்னு கேஜுக்கு எப்பிடித் தெரியும்?"

பூங்கொடி அடுப்படியிலிருந்து, "அவன் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்"னாள். அதென்னவோ அது மட்டும் எனக்குத் தெளிவாக் கேட்டது.

மறுநாள் நான் தூங்கி எழுந்து பின்னாடி போனால், பதினொன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஸ்க்ரூ டிரைவரும் கையுமா. என் வட்டை, நான் ரெண்டு நாள் மை தடவி மை தடவி நேர் பண்ணின வட்டை, ஒரு அழுக்குத் துணியில் வைத்திருக்கிறான்.

நான் பெருசா ஒண்ணும் சொல்லலீங்க. "காதுல கேட்டு வேலை பாக்க நீ என்ன நாதஸ்வரக்காரனா? இது எஞ்சினியரிங்டா"ன்னேன். அவன், "அஞ்சு நிமிசம் குடுங்க மாமா, சரியாயிரும்"னான். "சோத்துக்கு வந்தவன் சோத்தைத் தின்னுட்டு இரு. என் பொருள்ல கை வெக்காதே"ன்னேன். இவ்வளவுதாங்க சொன்னது. வேற ஒரு வார்த்தை கிடையாது. யாராயிருந்தாலும் சொல்றதுதானே இது?

அன்னைக்கு சாயந்திரமே பையை எடுத்துக்கொண்டு போயிட்டான். பெருந்துறையில் யாரோ கடையில் வேலைக்கு நிற்கிறான்னு அப்புறம் தெரிந்தது. நல்லதுதானே? எத்தனை நாளைக்கு அக்கா வீட்டில் இருப்பான்? அவன் நல்லதுக்குத்தான்னு வைத்துக்கொள்ளுங்களேன். பூங்கொடி சண்டையே போடலை. சோறு போடுறாள், துணி துவைக்கிறாள். மூன்று மாசமா முணுமுணுக்கிறதைக் கூட நிறுத்திட்டாள். வீடு ரொம்ப அமைதியா இருக்குதுங்க. தூக்கம்தான் இன்னும் வரலை.

சங்ககிரி வந்துருச்சுங்களா? இல்லையா? சரி.

இன்றைக்கு என்ன ஆச்சுன்னா, டாக்டரம்மா வீட்டில் காப்பிக்காரங்க ஆறேழு பேர் கூடினாங்க. ஞாயிற்றுக்கிழமை பாருங்க. ஒன்பதாம் நம்பர் வாங்கின பெங்களூர்க்காரர் தன்னுதைக் கையோடு கொண்டு வந்திருந்தார். ஐந்தையும் ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்கிறது. செய்தவரையும் கூப்பிடலாம்னு என்னையும் கூப்பிட்டாங்க. நான் என்னமோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு, டூல்ஸ் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். எப்படியாவது ஐந்தைப் பிரித்துப் பார்த்துரணும்னு. ஆறு மாசமா செக்கப்புக்கு அனுப்புங்கன்னு கேட்டிருக்கேன். "நல்லா இருக்கறதை எதுக்கு சார் பிரிக்கணும்"னு தரவே மாட்டேன்னுட்டாங்க.

பெரிய வீடு. எல்லாரும் படித்தவங்க, மெதுவாத்தான் பேசுறாங்க. பாதி என் காதிலேயே விழலை. நான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன். கண்ணை மூடிக் குடித்துப் பார்த்தாங்க. பெங்களூர்க்காரர் எனக்காகச் சத்தமாச் சொன்னார்: "ஒன்பதுல ஆரஞ்சுப் பழம் தெரியுது சார், மல்லிப்பூ தெரியுது. அஞ்சுல காப்பி தெரியுது."

யோசித்துப் பாருங்க. காப்பியில் காப்பி தெரியறதுக்கா இத்தனை பாடு?

"பிரிச்சே காட்டிடறேன். ரகசியம் என்னன்னு எல்லாரும் பாத்துக்கலாம்"னேன். ரகசியம் எனக்கே தெரியாதுங்கறது அங்கே யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கு மனசே இல்லை. ஆனால் எல்லாரும் ஆசைப்பட்டாங்க. "பாத்து சார்"னு விட்டுட்டாங்க.

மேல் வட்டைக் கழற்றினேன். ஒன்றுமில்லை. கீழ் வட்டின் ஸ்க்ரூவை எடுத்துத் தூக்கினால், அடியில் ஒரு பக்கமா ஏதோ பளபளன்னு ஒட்டிக்கொண்டிருக்கு. என்னன்னு பார்க்கிறேன். சிகரெட் பாக்கெட்டுக்குள்ளே இருக்குமே, அந்த வெள்ளித்தாள்! நகத்தளவு கிழித்து, மடித்து, அடியில் சொருகி வைத்திருக்கு. டூவீலர் கடையில் எல்லாம் எஞ்சினில் நெருப்புப் பொறி விடுற பாயிண்டுக்கு இடைவெளி வைக்கச் சிகரெட் அட்டையைச் சொருகிப் பார்ப்பாங்க தெரியுமா, அந்த வேலை. நான் மூன்று நாள் மை தடவி நேர் பண்ணின வட்டை ஒருத்தன் வெள்ளித்தாளை வைத்துக் கோணலாக்கியிருக்கிறான். அந்தக் கோணலைத்தான் இந்த ஜனமெல்லாம் ஒரு வருஷமாக் கொண்டாடியிருக்கு.

யாருன்னு எனக்கு அந்த நிமிஷமே தெரியுங்க. நான் சிகரெட் குடிக்கிறதில்லை. பெட்டியில் வைத்து டேப் ஒட்டினது யாரு? அவன்தானே!

"என்ன சார் அது?"ன்னாங்க டாக்டரம்மா.

சொல்லணும்னுதாங்க வாயைத் திறந்தேன். என் மச்சினன் வேலைன்னு. சத்தியமா அதைச் சொல்லத்தான் திறந்தேன். ஏழு பேர் என்னையே பார்க்கிறாங்க. ஒருத்தர் போனில் படம் பிடிக்கிறார். வாயிலிருந்து வந்தது, "இதுதாங்க என் டெக்னிக்."

கை தட்டுனாங்க.

அதோடு விட்டேனா? இல்லையே. "வேணும்னே ஒரு பக்கம் தூக்கி வெச்சிருக்கேன். அப்பத்தான் நைஸ் பொடியும் கொஞ்சம் கலந்து வரும், வாய்க்குத் திக்கா இருக்கும்"னு அளந்தேன். அது உண்மைதான்னு இப்போது தோணுது. ஆனால் சொல்லும்போது புளுகுதான். எத்தனை மைக்ரான்னு ஒருத்தர் கேட்டார். அறுபத்தி நாலுன்னேன். எங்கிருந்து வந்தது அறுபத்தி நாலு? ஏன் சார் சிகரெட் தாளுன்னு இன்னொருத்தர். "அந்த அலுமினியத்தோட கிரேடு அப்படி"ன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பாவம், இனிமேல் சிகரெட் பழகப் போகிறார்.

டாக்டரம்மா மட்டும் எழுதலை. "நீங்க சிகரெட் பிடிப்பீங்களா சார்?"னு கேட்டாங்க.

"சே சே, இல்லைங்க"ன்னேன். நல்லவன்னு காட்டிக்கிற அவசரம் பாருங்க.

 அவங்க அந்தத் தாளைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

திரும்ப மாட்டணுமே! தாள் என் கையில் ஒட்டி, மடிப்புப் பிரிஞ்சு, எண்ணெயில் நசுங்கிப் போச்சு. எந்தப் பக்கம் இருந்தது? ரெண்டு மடிப்பா, மூணா? நான் பார்க்கவே இல்லைங்க, பெருமை பேசுற மும்முரத்தில். ஏதோ ஒரு மூலையில் சொருகி மாட்டிக் கொடுத்தேன். காப்பி இறங்கினது. டாக்டரம்மா ஒரு வாய் குடிச்சாங்க. "சார், இது வேற"ன்னாங்க.

கழற்றினேன். மாட்டினேன். மறுபடியும் கழற்றினேன். ஏழு தடவை. ஏழாவது தடவை வந்தது தண்ணியா, புளிப்பா, வாயில் வைக்க முடியாத மாதிரி இருந்தது. பெங்களூர்க்காரர் மட்டும், "ஆரஞ்சு தெரியுது"ன்னார்.  மத்தவங்க எல்லாரும் போனைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பினார். அவர் சேலத்துக்காரர்.

வாசல் வரைக்கும் டாக்டரம்மா வந்தாங்க. கோபமே இல்லீங்க. "காலைல ஒரு பேஷண்டையும் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி சார். எனக்கு அது மட்டும்தான் எனக்குன்னு இருக்கிற நேரம். புதுசு குடுங்கன்னு நான் கேக்கல. நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி இருந்த மாதிரி திருப்பிக் குடுத்துருங்க, அது போதும்"னாங்க. இதைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்ததும் அவங்கதான்.

பஸ் ஸ்டாண்டில் நின்று பூங்கொடிக்கு போன் போட்டேன். உன் தம்பி நம்பர் வேணும்னேன். என்கிட்டே இருந்ததை நான் அழிச்சுட்டேங்க, அன்னைக்கே. எதுக்குன்னு அவள் கேட்கவே இல்லை. "எழுதிக்கோங்க"ன்னாள். ரெண்டு தடவை சொன்னாள். மூணாவது தடவை கத்தினாள், நம்பர் நம்பரா. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. இந்தா, சட்டைப்பையில் இருக்கு. இன்னும் கூப்பிடலை. என்னன்னு கூப்பிடறது, சொல்லுங்க? இந்த பஸ் பெருந்துறை வழியாத்தான் போகும். இறங்கினாலும் இறங்கலாம். நேராக் கோயமுத்தூர் போய் நானே ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கி வைத்து முயற்சி பண்ணினாலும் பண்ணலாம். ஆயிரம் தடவை மாட்டிப் பார்த்தால் ஒரு தடவை சரியா அமைஞ்சிராதா?

அமையாதுங்களா? நீங்களும் டாக்டரம்மா மாதிரியே பார்க்கறீங்க.

பஸ்ஸை நிறுத்திட்டாங்க. குமாரபாளையமா? டீக்கு பத்து நிமிஷமா? போயிட்டு வாங்க... இல்லை, ஒரு நிமிஷம் இருங்களேன். எஞ்சினை அணைச்சுட்டாங்க. அமைதியா இருக்கு. போட்டுரலாங்களா? நீங்க பக்கத்தில் இருந்தால் எனக்கு ஒரு தைரியம். நம்பரைப் படிங்க, நான் அமுக்கறேன்.

அலோ. மாப்ள. நான்தான். சென்னியப்பன்... ஆமாடா, மாமாதான். நல்லா இருக்கியா? நல்லா இருக்கேன். அக்கா நல்லா இருக்கா. அது ஒண்ணுமில்ல மாப்ள, அந்த ஐந்தாம் நம்பர்... ஆமா, சேலம். நீதானே அதுல... என்ன? என்ன சொல்றே? ஏனுங்க, இந்த போனில் சத்தமே வரமாட்டேங்குது, கொஞ்சம் வாங்கிக் கேட்டுச் சொல்லுங்க.

ஐந்தைப் பேக் பண்ணின அன்னைக்கே சொன்னானாமா? நான் தூங்கி எழுந்து வந்தப்பவே, "அஞ்சு சிணுங்குச்சுங்க மாமா, தாளு வெச்சு விட்டுருக்கேன்"னு சொன்னானாமா? நான் தலையாட்டினேனாமா?

இருக்காதுங்க. நான் ஏன் தலையாட்டப் போறேன்?

இருக்கும். தலையாட்டியிருப்பேன்.

அடுத்து என்னங்கறான்? வட்டை நெருக்கி, உரசற இடத்தில் நிறுத்தி, கையில் சுற்றணுமா? அடியில் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், சுற்றலாம். நீங்க போனை இதுக்குப் பக்கத்தில் பிடிங்க. இன்னும் கிட்டத்தில். சுத்தறேன் மாப்ள, கேளு.

என்னங்கறான்? ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டிக்குன்னு வரணுமாமா? இதுல ரெண்டு தடவை வருதாமா? தாளை எதிர்ப்பக்கம் வெச்சிருக்கேனாமா? போன்லயே கேட்குதா அவனுக்கு?

உங்களுக்குக் கேட்குதுங்களா? இருங்க, மறுபடி சுத்தறேன். இப்போ? கேட்குதா? எங்கே வரும்போது, தண்டில் இருக்கிற இந்தக் கோடு மேலே வரும்போதா? அந்தப் பக்கத்து சீட்டு அம்மா கூடத் திரும்பிப் பார்க்கிறாங்க, அவங்களுக்குமா?

இன்னொரு தடவை.

எனக்கு ஒண்ணுமே கேட்கலீங்களே.

காதை வைத்துப் பார்க்கிறேன் இருங்க. விரலில் லேசா ஒரு தட்டல் தெரியுது. சத்தம் இல்லை. நீங்க சும்மா சொல்லலையே? இத்தனை நாளும் எல்லாரும் மெதுவாப் பேசுறாங்கன்னு... டிவியை வீடு அதிர வைக்கிறேன்னு பூங்கொடி... இருபத்திரண்டு வருஷம் அந்தச் சம்மட்டிக்குப் பக்கத்தில். கம்பெனியில் காதுக்குள்ளே வைக்கிற பஞ்சு ஒண்ணு கொடுத்தாங்க. நான் அதை மெஷின் துடைக்க வைத்துக்கொண்டேன். நல்லாத் துடைக்கும்.

லைனில் இருக்கிறானா இன்னும்? கொடுங்க. மாப்ள, எனக்குக் கேட்கலைடா. அதில்லைடா, போன் இல்லை. காது. காது கேட்கலை எனக்கு... ஏனுங்க, என்ன சொல்றான்? அவனுக்குத் தெரியுமாமா? அக்காவுக்கும் தெரியுமாமா? அப்புறம் ஏன் ஒருத்தரும்... சொன்னாங்களாமா? ஓ. சொல்லியிருப்பாங்க, சொல்லியிருப்பாங்க.

இப்போ என்ன கேட்கிறான்? டாக்டரம்மாவுக்கு யாரு வெச்சதுன்னு தெரியுமான்னா? ...மாப்ள, நான் வெச்சேன்னு சொல்லிட்டேன்டா. எல்லார் முன்னாடியும். அறுபத்தி நாலு மைக்ரான்னும் சொன்னேன்.

என்னங்க சத்தம் அது? அழுவறானா?

சிரிக்கிறானா! நிஜமாவா? நல்லாச் சிரிக்கிறானா, இல்லை நக்கலாவா? ...சரி, சிரிக்கட்டும். அவன் சிரிக்கட்டும்ங்க. பஸ் பெருந்துறை வழியாப் போகும்னு சொல்லிட்டீங்களா? நால்ரோட்டில் வந்து நிற்கிறானாமா? ஸ்பேனர் எடுத்துக்கொண்டு வர்றானாமா? சரின்னு சொல்லிருங்க.

உங்க டீ போச்சு. மன்னிச்சுக்குங்க. பஸ் எடுத்துட்டாங்க.

ஏனுங்க, இன்னொரு உதவி. எனக்குத் தமிழில் சீக்கிரம் தட்ட வராது, நீங்க தட்டுங்க. டாக்டரம்மாவுக்கு மட்டும் இல்லை, என்னையும் சேர்த்திருக்கிற அவங்க காப்பிக் குரூப்புக்கே போடலாம். அந்த அலுமினியம் கிரேடு எழுதிக்கொண்டவரும் அதில்தான் இருக்கார். எழுதுங்க. "வணக்கம். ஐந்தாம் நம்பரில் வெள்ளித்தாள் வைத்தது நான் இல்லை. என் மச்சினன் குழந்தைவேலு. அவன் வைத்தது எனக்கு இன்று வரை தெரியாது." அடுத்து... "எனக்குக் காது சரியாகக் கேட்காது." அதை எழுதணுமா? எழுதலாம்ங்கறீங்களா? எழுதுங்க. "மச்சினனுக்குக் கேட்கும். வரிசையில் மிச்சம் இருக்கிற பதினான்கையும் இனி அவன்தான் கேட்டுப் பார்த்து அனுப்புவான்." அவன் வருவானான்னா? தெரியாதுங்க. கேட்கணும். எழுதிட்டீங்களா? அப்போ முதலில் அவன்கிட்டே கேட்கணும், அந்தக் கடைசி வரியை இப்போதைக்கு எடுத்துருங்க. சோத்துக்கு வந்தவன்னு சொன்ன வாயால உடனே வேலைக்கு வாடான்னா என்ன நினைப்பான்?

ஆமாங்க. அது பெரிய வார்த்தைதான். பெருசா ஒண்ணும் சொல்லலைன்னு உங்ககிட்டே சொன்னேன் இல்லீங்களா? சும்மா சொல்லலை. நல்லாத் தெரிஞ்சேதான் சொன்னேன். எந்த இடத்தில் வலிக்கும்னு அளந்துதான் சொன்னேன்.

அனுப்பிட்டீங்களா? போயிருச்சா? பார்த்துட்டாங்களா? ரெண்டு பேரா? சரி, போனைக் கொடுத்துருங்க. பார்க்க வேண்டாம்.

ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாமோ? "டிராயிங் போட்டது சென்னியப்பன்"னு? இல்லை, டிராயிங் நான்தானே போட்டேன், லேத்து ஓட்டினது நான்தானே, அதில் பொய் இல்லையே. ஒரு வரிதானே, சின்னதா? ...வேண்டாங்கறீங்க. சரி. வேண்டாம்.

நால்ரோடா? அந்தா நிற்கிறான் பாருங்க, பெட்டிக்கடைப் பக்கம், நீலச் சட்டை. இளைச்சுட்டான். கண்டக்டர், இறக்கம்! கொஞ்சம் பொறுங்க, கால் மரத்துப் போச்சு. என்னமோ கத்துறானே, என்ன சொல்றான்? "கிரைண்டரை ஆட்டாம எறக்குங்க"ன்னா? நான் விழுந்தால் பரவாயில்லையாமா?

இதைக் கொஞ்சம் பிடிங்க. அப்படியே, நேரா. இல்லை, சன்னல் வழியா அவன் கையிலேயே கொடுத்துருங்க. நான் வெறும் கையோடு இறங்கறேன். அவன்கிட்டே முதலில் பேச வேண்டியது கிரைண்டரைப் பற்றி இல்லீங்களே.